எர்த்ஸீ தொகுப்பு: 4ஆவது நாவலை 14 வயது மகளிடம் கொடுக்கலாமா?

ஆறரை பாசஞ்சர்:

வணக்கம். ஆறு மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் நீளும். எர்த்ஸீ கதைகளை இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவெல்லாம் வெளியே வந்துவிடும்.

எனக்கு 46 வயது. தமிழ் மீடியத்தில் படித்தவள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பாசஞ்சரில் வேலைக்குப் போய் வருகிறேன். போன கோடை விடுமுறைக்கு வந்த நாத்தனார் மகன், என் மகளுக்கென்று ஒரு தடிப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனான். உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ நாவல்களில் முதல் நான்கும் ஒரே அட்டைக்குள் இருக்கிற பதிப்பு. மகள் தொடவே இல்லை. வீட்டில் அதன் மேல் காபி டம்ளர் வைக்க ஆரம்பித்தார்கள். பொறுக்க முடியாமல் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாவல் 1968இல் வந்தது, நான் பிறப்பதற்கு முன்பே. முதல் இருபது பக்கம் செல்போன் அகராதியோடு மல்லுக்கட்டினேன். சுவாமிமலை தாண்டுவதற்குள் நாலு சொல் பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் ஆடுகள் வந்தன. தாயில்லாத ஏழு வயதுப் பையன். கூரை மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்ற ஆட்டை, அவனுடைய அம்மாவின் உடன்பிறந்தவள் ஏதோ மந்திரம் சொல்லி இறக்குவதைக் கேட்டுவிடுகிறான். மறுநாள் மலையில் தன் ஆடுகளிடம் அதையே சொல்லிப் பார்க்கிறான். எல்லாம் வந்துவிடுகின்றன. வந்தவை போக மாட்டேன் என்கின்றன. கொம்பும் மஞ்சள் கண்ணுமாக அவனை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அவன் ஓடினால் கூடவே ஓடி வருகின்றன. சின்ன வயதில் எங்கள் வீட்டில் நாலு வெள்ளாடு இருந்தது. வெள்ளாட்டின் கண்ணில் அந்தக் குறுக்குக் கோட்டை முகத்துக்கு முகம் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பையன் ஏன் பயந்தான் என்று தெரியும். அன்றிலிருந்து அகராதியை மூடிவிட்டேன். புரிந்த வரைக்கும் போதும் என்று படித்தேன்.

அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு உண்மைப் பெயர் உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னால் நம் பிடி அடுத்தவர் கைக்குப் போய்விடும். மற்றவர்கள் கூப்பிடுவது வேறு பெயர். (இங்கே நாம் எல்லாரும் வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி.) இதை ஒரு பெரிய கற்பனை என்று எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு என் அப்பாயிதான் ஞாபகம் வந்தது. தாத்தா பெயர் கோவிந்தசாமி. ரேஷன் கார்டு எடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயர் கேட்டால், அப்பாயி வாயைத் திறக்காது. "திருப்பதியில இருக்கார்ல, அவரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்கும், நான் சொல்ல வேண்டும். தாத்தா செத்து ஒன்பது வருடம் கழித்து அப்பாயி செத்தது. அதுவரைக்கும் அந்தப் பெயர் அது வாயில் வரவில்லை. பெயரில் ஏதோ இருக்கிறது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது சொல்ல. அந்த ஆட்டுக்காரப் பையன், அதாவது நாயகன் கெட், செம்பு கலந்த பழுப்பு நிறம் என்றும், அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் முதல் நாவல் முடியப்போகிற வரைக்கும் இரண்டு பேரையும் வெள்ளைக்காரப் பையன்களாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் கதை, மந்திரவாதி, பள்ளிக்கூடம் என்றதும் மனசு தானாக நிறம் பூசிவிட்டது. வெட்ச் வீட்டுக்கு அவன் போகிற இடத்தில்தான் உறைத்தது. திரும்ப முதலிலிருந்து புரட்டி, அவர்கள் முகங்களை மாற்றினேன். என் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், வெட்ச் அவன்தான் இப்போது.

இரண்டாவது நாவல்தான் எனக்கு எல்லாவற்றிலும் மேல். டெனார் என்கிற சிறுமியை அஞ்சு வயதில் பெற்றவர்களிடமிருந்து எடுத்துப்போய், பெயரைப் பறித்து, பாதாளக் கல்லறைக்குப் பூசாரியாக்கிவிடுகிறார்கள். கீழே விளக்கு கூடாது. எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் என்று எண்ணிக்கொண்டு சுவரில் விரலை வைத்துத் தடவியே அந்த இருட்டை மனப்பாடம் செய்கிறாள். ஒருநாள் கீழே போகிறாள், வெளிச்சம் தெரிகிறது. திருட வந்த கெட், கைத்தடி நுனியில் வெளிச்சம் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் இத்தனை வருடம் தடவித் தடவி நடந்த குகை, படிகமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையுமாக மின்னுகிறது. தன் இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. அவளுக்கு வருவது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். அந்த ஒரு பக்கத்தை அய்யம்பேட்டையில் ஆரம்பித்தேன். தஞ்சாவூரில் பக்கத்து சீட்டு அக்கா தோளைத் தட்டினார்.

மூன்றாவதில் கடலும் படகும் நிறைய. பாதி தூங்கிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது, தெஹானு. மூன்றாவதன் கடைசியில் கெட் தன் சக்தி மொத்தத்தையும் செலவழித்து உலகத்தைக் காப்பாற்றுகிறான். சரி. நாலாவதில் அவன் வெறும் ஆள். டிராகனோடு நின்று பேசியவன், ராஜாவின் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்றதும் ஒளிந்துகொள்கிறான். மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என் அப்பா 31 வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் பத்திரிகை வைக்க வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அம்மா "வெளியே போயிருக்காக" என்பாள். அவர் கிணற்றடியில் நிற்பது எனக்குத் தெரியும். இதைப் படிக்கவா மூன்று நாவல் கடலெல்லாம் அலைந்தேன்?

ஆனால் அதே புத்தகத்தில், இப்போது நடுவயதாகிவிட்ட டெனாரின் மகன் கப்பலிலிருந்து திரும்பி வந்து, தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது பொம்பளை வேலை என்று சொல்கிற இடம் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மேசை மேல் காலையில் வைத்த தட்டு காய்ந்து கிடந்தது. யார் தட்டு என்று சொல்ல வேண்டாம்.

அப்புறம் டெனார் எடுத்து வளர்க்கிற தெர்ரு. பெற்றவர்களே அடித்து, நாசம் செய்து, நெருப்பில் தள்ளிய குழந்தை. அங்கே இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இப்போது என் மகள், "நீ ரயிலில் படிக்கிறாயே, அதைக் குடு" என்கிறாள். நாலும் ஒரே புத்தகம். மூன்றோடு நிறுத்து என்றால் நாலாவதைத்தான் முதலில் எடுப்பாள், அவளைப் பற்றி எனக்குத் தெரியும். கொடுக்கலாமா, இரண்டு வருடம் போகட்டுமா?

மூணாம் படி:

அம்மா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் 1994இல் சென்னை பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் முதல் மூன்றை வாங்கினேன், மூன்றும் வேறு வேறு சைஸ், ஒன்றுக்கு அட்டையே இல்லை. எனக்கு இது மூன்று புத்தகக் கதை. நாலாவது என்று ஒன்று இருப்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

உங்கள் கோபத்துக்குப் பாதிக் காரணம் பைண்டிங்தான் என்பேன். மூன்றாவது வந்தது 1972. தெஹானு 1990. நடுவே 18 வருடம். எழுதியவருக்கு நாற்பது சொச்சம் வயது அறுபதாகிவிட்டது. நீங்கள் ஒரு தாளைத் திருப்பி அதைத் தாண்டிவிட்டீர்கள்.

மூன்றாவதின் கடைசிப் பக்கத்தை மறுபடி பாருங்கள். கெட்டுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார். பாட்டில் பாடுவது ஒன்று: முடிசூட்டு விழா முடிந்ததும் தன் பழைய படகில் ஏறித் தனியாகக் கடலில் போய்விட்டான். கெட்டின் சொந்த ஊரான கோன்ட் தீவுக்காரர்கள் சொல்வது இன்னொன்று: ராஜாவே தேடி வந்தான், ஆள் அகப்படவில்லை, மலைக்காட்டுக்குள் நடந்தே போய்விட்டான். தெஹானு அந்த ஊர்க்காரர்கள் கதையின் உள்ளே போய், நடந்தே போனவன் அங்கே என்ன செய்தான் என்று பார்க்கிறது. அது அவர் உரிமை. நான் படகு பக்கம். என் அலமாரியில் தெஹானு வேறு தட்டில் இருக்கிறது. நல்ல நாவல்தான், அமெரிக்காவில் அறிவியல், மாயப் புனைகதைகளுக்குக் கொடுக்கிற நெபுலா விருதுகூட வாங்கியது. ஆனால் ஒவ்வொரு ஆணும் ஒன்று போக்கிரி, இல்லை மக்கு, இல்லை பரிதாபம் என்று வரிசையாக வரும்போது, கதாசிரியரின் கை எனக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் புத்தகத்தில் அந்தக் கை தெரியவே தெரியாது.

நிற விஷயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2004இல் அமெரிக்காவில் டிவி தொடராக எடுத்தவர்களே கெட்டை வெள்ளைக்காரனாக ஆக்கிவிட்டார்கள். லெ குவின் கோபப்பட்டு வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார். நீங்கள் படிக்கும்போதே திருத்திக்கொண்டீர்கள், அவர்கள் திருத்திக்கொள்ளவில்லை.

மகளுக்கு: பிளேடால் மூன்றாவதின் முடிவில் கீறி இரண்டாகப் பைண்ட் செய்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் செய்திருக்கிறேன்.

ஹாஸ்டல் ரூம் 14:

சார், பிளேடா?! எங்கள் வீட்டில் அப்படிச் செய்திருந்தால் அந்தப் பாதியை எப்படியாவது தேடிப் பிடித்துப் படித்திருப்பேன்.

அக்கா, எனக்கு 20 வயது. நான் ஹங்கர் கேம்ஸ் படித்தபோது 13. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிடித்து, ஒருவரையொருவர் கொல்ல விடுகிற கதை. பள்ளிக்கூட லைப்ரரியில் இருந்தது, ஒருவரும் என் வயதைக் கேட்கவில்லை. ரூ என்கிற குட்டிப் பெண் செத்த இடத்தில், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கீழே போனால் அம்மா என்ன என்று கேட்பாள், கதையில் ஒரு பிள்ளை செத்துவிட்டது என்றால் சிரிப்பாள் என்று பயம். இப்போது நினைத்தால், அன்றைக்கு அம்மாவும் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

அந்தத் தொடரின் மூன்றாவது புத்தகம் எனக்கும் உங்கள் தெஹானு மாதிரிதான். நாயகி காட்னிஸ் பாதிக் கதையில் அலமாரிக்குள்ளும் மூலையிலும் ஒளிந்துகொண்டு படுத்திருப்பாள். 13 வயதில் எரிச்சலாக இருந்தது. போன வருடம் எனக்கு அரியர் விழுந்தபோது நானும் மூன்று நாள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. அப்போது புரிந்தது என்றெல்லாம் சொல்ல வரவில்லை, அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் வேறு எரிச்சல்.

ஒரு எச்சரிக்கை. எர்த்ஸீ முதல் நாவல் எங்கள் செட்டுக்கு ரொம்ப மெதுவாகப் போகும். பேச்சே கிடையாது, யாரோ பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். உங்கள் மகள் நாலாவது வரைக்கும் வருவாளா என்பதே சந்தேகம். இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அது தனியாகவே நிற்கும், முதலாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூணாம் படி:

இரண்டாவதிலிருந்தா? தம்பி, கெட் யார் என்றே தெரியாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் என்ன பயன்?

ஹாஸ்டல் ரூம் 14:

டெனாருக்கும் தெரியாதே சார்.

இரவுப்பணி:

நான் நர்ஸ். தீக்காய வார்டில் ஒன்பது வருடம் இருந்தேன், இப்போது வேறு பிரிவு. தெர்ரு பற்றி மட்டும் எழுதுகிறேன், டிராகன் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

தெஹானுவை ஒரு தோழி கட்டாயப்படுத்தித்தான் படித்தேன். நாவல்களில் தீக்காயம் என்றால் ஒரு தழும்பு, அதுவும் கன்னத்தில் அழகாக ஒரு கோடு என்றுதான் வரும். இதில் குழந்தையின் ஒரு பக்கம் முகமே இல்லை, ஒரு கண் போய்விட்டது, ஒரு கை விரல்கள் ஒட்டிப் பறவையின் கால்நகம் மாதிரி மடங்கியிருக்கிறது. அது அப்படித்தான் ஆகும். ஆழமான காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி விரலை இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் நாங்கள் சிம்பு வைத்துக் கட்டுகிறோம், தினமும் பிள்ளையை அழவைத்து விரலை நீட்டவைக்கிறோம். அந்த ஊரில் அதற்கு ஆளில்லை.

எழுதியவர் எங்கே பார்த்தாரோ, எனக்கு நெஞ்சை அடைத்த விஷயம் காயம் இல்லை. ஊரில் யாரும் அந்தப் பிள்ளையை நேராகப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் சட்டென்று வேறு பக்கம் திரும்புகிறார்கள், அல்லது நல்ல பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். வார்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது, "ஜன்னல்ல என்னக்கா இருக்கு?"

சகோதரி, 14 வயதுக்குக் கொடுக்கலாம். 12 என்றால் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று செய்யுங்கள். அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்பதைப் புத்தகம் ஆரம்பத்திலேயே உடைத்துச் சொல்லாது, வாசிப்பவர்தான் கூட்டிப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்த நிமிடத்தில் உங்கள் மகள் தனியாக இருக்கக் கூடாது. முன்னாலேயே நீங்கள் நேராகச் சொல்லிவிடுங்கள், "இதில் ஒரு பிள்ளைக்கு வீட்டு ஆட்களே கொடுமை செய்திருக்கிறார்கள், படிக்கும்போது கஷ்டமாக இருந்தால் வா" என்று. சொல்லிவிட்டால் அவளுக்கு அது பொறியாக இருக்காது.

கெட் ஒளிந்துகொள்வது பற்றி எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய ஆபரேஷன் முடிந்த ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்பேன் வைக்கப் போனால் போர்வையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து ஓபிக்கு வரும்போது அவர்களே சிரித்துக்கொண்டு வருவார்கள். கெட்டும் கடைசியில் அந்த வீட்டுக்குள் ஆட்கள் புகும்போது வைக்கோல் அள்ளுகிற கவைக்கம்பை எடுத்துக்கொண்டுதானே வருகிறான். மந்திரம் இருந்த காலத்தில் வந்ததைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆறரை பாசஞ்சர்:

எல்லாருக்கும் நன்றி. கவைக்கம்பை நான் மறந்தே போயிருந்தேன். கோபத்தில் வேகமாகப் படித்துவிட்டேன் போல. அப்பாவுக்கு யாரும் கவைக்கம்பு எடுக்கிற சந்தர்ப்பம் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

பிளேடு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நாத்தனார் மகன் கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆறரை பாசஞ்சர்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

இரவுப்பணி சகோதரி சொன்ன மாதிரியே சமையலறையில் வைத்து மகளிடம் நேராகச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" என்றாள். அவ்வளவுதான்.

முதல் நாவலை 40 பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆடு வந்த இடம் பிடித்ததா என்றேன். "எந்த ஆடு?" என்றாள். ரூம் 14 தம்பி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடித்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. நான் அந்த வெளிச்சம் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

வந்தாள். கண் சிவந்திருந்தது. "மானான் ஏம்மா சாகணும்?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் யார் மானான் என்றே தெரியவில்லை. டெனாரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த காவல்காரன். உருளைக்கிழங்கு மாதிரி முகம், அவளைத் தேனடை என்று கொஞ்சிக் கூப்பிடுவான். கடைசியில் டெனாரும் கெட்டும் தப்பிப் போகும்போது கெட்டின் மேல் பாய்ந்து, பிடி தவறிப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். அவர்கள் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். "அவளைக் காப்பாத்தணும்னுதானே அவன் பாய்ஞ்சான்? அவனுக்கு அவங்க ஓடிப்போறாங்கன்னு தெரியாதுல்ல? ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பாக்கலை" என்று என்னிடம் சண்டை போடுகிறாள், நானே தள்ளிவிட்ட மாதிரி.

போய் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். சில வரிகள்தான். நான் அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

மூன்றாவது வேண்டாம் என்கிறாள். நாலாவதைப் படிக்க ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: நடுவயதான டெனார் அதில் எங்கேயாவது மானானை நினைக்கிறாளா என்று நான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நாளைக் காலை ரயிலில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். யாருக்காவது ஞாபகம் இருந்தால் எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.